பெயர் மாற்றாத டெப்

கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஓர் ஐபேட். கண்ணாடியில் கீறல் இல்லை, பற்றரி நிற்கிறது, யூடியூப் ஓடுகிறது. விலையோ புதியதில் பாதிகூட இல்லை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பழைய ஆளின் படங்களும் பாட்டுகளும் எதற்கு என்று கணினியில் செருகி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். மொழி கேட்கிறது, நாடு கேட்கிறது, வைஃபை கேட்கிறது. அடுத்து ஒரு திரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. இந்த ஐபேட் அதன் உரிமையாளருக்குப் பூட்டப்பட்டிருக்கிறதாம். கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி: முதல் எழுத்து தெரியும், மீதி பெரும்பாலும் புள்ளிகள். அந்த முகவரிக்குரியவரின் கடவுச்சொல் இல்லாமல் ஓர் அடிகூட மேலே போக முடியாது.

நேற்றுவரை எதுவும் கேட்காமல் ஓடிய கருவி இது. உள்ளே இருந்ததையெல்லாம் நாமே அழித்தோம். அப்படியிருக்க, பழைய ஆளின் பெயரை அது எங்கே ஒளித்து வைத்திருந்தது?

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில் இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற ஓர் ஊரிலிருந்து மூதூர், கிண்ணியா தாண்டி நகரத்துக்கு வந்து டெப் வாங்கும் குடும்பத்துக்கு இந்தத் திரை சின்ன விஷயம் அல்ல. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதை இலகுவாகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்பதென்றால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறியபோதுதான் பல வீடுகளில் டெப் ஒரு பாடசாலைச் சாமானாக ஆனது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. புதிய டெப்பின் விலையும் அதோடு ஏறியது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் பாவித்த டெப் ஒன்றைத் தேடுவதைத் தவிர அந்தப் பெற்றோருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களின் காசு இந்தத் திரையில் போய் முடியக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காணி வாங்கியவர்களுக்கு இந்தப் பூட்டின் தன்மை ஏற்கனவே தெரியும். ஒரு வளவின் வேலியைப் பிடுங்கிப் புது வேலி போடலாம். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கலாம். கிணற்றைத் தூர்க்கலாம். இவை எதுவும் அந்தக் காணி யாருடையது என்பதை மாற்றாது. உரிமை மண்ணில் எழுதப்படவில்லை, காணிப் பதிவகத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதல் இன்றுவரை இதுதான் நடைமுறை. அதனால்தான் நல்ல நொத்தாரிசு ஒருவர் வளவைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஏட்டையும் தேடிப் பார்க்கச் சொல்வார். ஐபேட்டை ‘ரீசெட்’ பண்ணுவது வீட்டை இடிப்பதைப் போன்றது. பெயர் அப்பிள் நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது, அதை அந்தப் பெயருக்குரியவர்தான் மாற்ற வேண்டும். அப்பிள் இதை ‘அக்டிவேஷன் லொக்’ என்கிறது. நாம் உரிமையாளர் பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஏடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு ஐபேட்டும் தொழிற்சாலையிலிருந்து சில இலக்கங்களோடு பிறக்கிறது. ஒன்று பெட்டியிலும் அமைப்புகள் பக்கத்திலும் தெரியும் தொடர் இலக்கம். இன்னொன்று கருவியின் இதயமான சில்லுக்குள் தயாரிப்பின்போதே பொறிக்கப்படுவது. உலகில் வேறெந்தச் சில்லிலும் அது இருக்காது. அழிக்கப்பட்ட ஐபேட் மீண்டும் உயிர்பெறும்போது வைஃபை கிடைத்ததும் இந்த இலக்கங்களை அப்பிளின் சேர்வருக்கு அனுப்பி, “நான் இயங்கலாமா?” என்று அனுமதிச் சான்று கேட்கிறது. சேர்வர் ஏட்டைப் புரட்டுகிறது. அந்த இலக்கத்துக்கு நேரே எந்தப் பெயரும் இல்லையென்றால் சான்றை அனுப்பிவிடும். யாராவது ‘ஃபைன்ட் மை’ என்ற தேடல் வசதியைப் போட்டு வைத்திருந்தால் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். சான்று வராதவரை முகப்புத் திரை வராது.

நம்மைப் போலவே திருடர்களும் உடனே யோசித்த கேள்வி: சான்றைப் போலியாகச் செய்துவிட்டால் என்ன? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கருத்து இதற்குக் குறுக்கே நிற்கிறது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மூவர் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தார்கள். இரண்டு மிகப்பெரிய எண்களைச் சோடியாக உருவாக்குகிறார்கள். ஒன்று நிறுவனத்திடம் இரகசியமாக இருக்கும், மற்றது எல்லாக் கருவிகளிலும் வெளிப்படையாக இருக்கும். இரகசிய எண்ணைக் கொண்டுதான் ஒரு சான்றில் ஒப்பமிட முடியும். வெளிப்படை எண்ணைக் கொண்டு அந்த ஒப்பம் மெய்யா பொய்யா என்று சரிபார்க்கலாம், புதிதாக ஒப்பமிட முடியாது. வெளிப்படை எண்ணை வைத்து இரகசிய எண்ணைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க, இன்றைய கணினிகள் எத்தனையைச் சேர்த்தாலும் மனிதர் காத்திருக்கக்கூடிய காலம் போதாது. இதற்கு மின்னொப்பம் என்று பெயர். பதிவாளரின் முத்திரையை எவரும் பார்த்து உறுதிசெய்யலாம், ஆனால் அவர் மட்டுமே குத்தலாம் என்ற நிலையைக் கணிதத்தால் உருவாக்கியிருக்கிறார்கள்.

இது கொள்கையளவில் சரி, நடைமுறையில் நின்று பிடிக்குமா? உடைக்கப் பார்த்தவர்களின் கதைதான் இதற்குச் சிறந்த சான்று. 2014 மே மாதத்தில் ஒரு குழு, கருவி அப்பிளைத் தேடிப்போகும் வழியை மறித்துத் தங்கள் சேர்வருக்குத் திருப்பிவிட்டது. அவர்கள் ஒப்பத்தை உடைக்கவில்லை. இடையில் இருந்த கணினி மென்பொருள் எதிரே இருப்பது அப்பிள்தானா என்று சரியாகப் பார்க்காததைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. 2019 செப்டெம்பரில் வந்தது இதைவிடப் பெரியது. சில்லுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதப்பட்டு, கருவி கண் விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரலில் ஒரு பிழையை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்து ‘செக்மேட்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். எழுதியதைத் திருத்த முடியாத இடத்தில் பிழை இருப்பதால் எந்த அப்டேட்டும் அதைச் சரிசெய்யாது. ஏ5 முதல் ஏ11 வரையான சில்லுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஏ10 சில்லோடு 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட்டும் இதற்குள் அடங்கும். இன்று பாவித்த சந்தையில் மலிவாகக் கிடைப்பவை இந்தப் பழைய மாடல்கள்தாம் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அந்தப் பிழையைக் கொண்டு ‘லொக் எடுத்த’ ஐபேட் எப்படி நடந்துகொள்கிறது? அது கேள்வி கேட்கும் திரையைத் தாண்டிக் குதிக்கிறது, அவ்வளவுதான். அப்பிளின் ஏட்டில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. அதனால் பலவற்றில் புதிய கணக்கு ஒழுங்காக ஏறாது. சில முறைகளில் கருவியை அணைத்துப் போட்டாலே பூட்டுத் திரை திரும்பி வந்துவிடும். முழுவதும் அழித்தாலோ எல்லா முறைகளிலும் வந்துவிடும். விற்பவர் சிலர் “தங்கச்சி, ரீசெட் மட்டும் பண்ணிராதீங்க, அப்டேட்டும் போட வேணாம்” என்று அக்கறையோடு சொல்வதன் பொருள் இதுதான். நன்றாக இருக்கும் ஒரு டெப்புக்கு அப்படியொரு பத்தியம் தேவையில்லை.

இவ்வளவு கடுமையான பூட்டு எதற்கு என்று கோபம் வரலாம். வீதியில் நடந்த வன்முறைதான் இதைக் கொண்டுவந்தது. 2010களின் தொடக்கத்தில் நியூயோர்க், சன் பிரான்சிஸ்கோ, லண்டன் போன்ற நகரங்களில் போன் பறிப்பு பெருகி ஆட்கள் காயப்பட்டார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். 2013 செப்டெம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது அப்பிள் இந்தப் பூட்டைச் சேர்த்தது. 2014இன் முதல் ஐந்து மாதங்களில் நியூயோர்க்கில் அப்பிள் கருவிகளைப் பறிக்கும் கொள்ளைகள் முந்தைய ஆண்டைவிட 19 சதவீதம் குறைந்தன. அதே காலத்தில் இத்தகைய பூட்டு பெரும்பாலும் இல்லாதிருந்த சம்சுங் போன்களைப் பறிப்பது 40 சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஒரே நகரம், ஒரே பொலிஸ், ஒரே காலம். மாறியிருந்த முக்கியமான ஒன்று பூட்டுத்தான் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு எடை அதிகம். 2015 பெப்ரவரியில் வெளியான கணக்கில், பூட்டு வந்த பின் சன் பிரான்சிஸ்கோவில் ஐபோன் திருட்டு 40 சதவீதமும் லண்டனில் ஸ்மார்ட்போன் திருட்டு பாதியும் குறைந்திருந்தன. பறித்தாலும் விற்க முடியாது என்று தெரிந்தால் பறிக்கும் கை தயங்குகிறது. அந்த வகையில் இது மனிதர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு என்றே நான் கருதுகிறேன். பூட்டிய டெப்பை வாங்கும் ஒவ்வொருவரும், அறியாமல் என்றாலும், அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறார்கள்.

அண்ட்ரொய்ட் டெப்களில் கதை சற்று வேறு. கூகுள் 2015இல் அண்ட்ரொய்ட் 5.1 உடன் கொண்டுவந்த பூட்டு, கடைசியாக இருந்த கணக்கின் அடையாளத்தைக் கருவியின் சேமிப்பகத்திலேயே ஒரு தனி மூலையில் வைத்திருக்கிறது. பொத்தான்களை அழுத்திப் பின்வாசலால் நுழைந்து ரீசெட் பண்ணினால் அந்த மூலை அழியாது. உரியவர் தன் கடவு இலக்கத்தைக் கொடுத்து அமைப்புகளுக்குள் போய் ரீசெட் பண்ணினால் அழிந்துவிடும். உரியவரின் அழிப்பையும் திருடனின் அழிப்பையும் கருவி இப்படித்தான் வேறுபடுத்துகிறது. பெயர் கருவியின் உள்ளேயே இருப்பதால் அதை ஏமாற்றும் குறுக்குவழிகளும் நிறைய. 2024இல் வந்த அண்ட்ரொய்ட் 15 அவற்றில் பலவற்றை அடைத்திருக்கிறது.

நம் நாட்டில் இதோடு சேர்ந்து ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. “டி.ஆர்.சி. செக் பண்ணியாச்சு, பிரச்சினை இல்லை” என்று கடையில் சொல்வார்கள். அது வேறு ஏடு. சிம் போட்டு அழைப்பு எடுக்கக்கூடிய கருவிகளில் *#06# அழுத்தினால் 15 இலக்கங்கள் வரும். அதுதான் ஐ.எம்.இ.ஐ. முதல் எட்டு மாடலைக் குறிக்கும், அடுத்த ஆறு அந்தத் தனிக் கருவியை. கடைசி இலக்கம் முன்னுள்ள 14இலிருந்து கணித்து வைக்கப்படுவதால், ஓர் இலக்கம் பிழையாக எழுதப்பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் (டி.ஆர்.சி.) பதிவில் அந்தக் கருவி இருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28 முதல், பதிவில்லாத புதிய கருவிகளை இங்குள்ள வலையமைப்புகளில் இணைக்க முடியாது என்று ஆணைக்குழு அறிவித்தது. ஆனால் முறையாக இறக்குமதியான டெப் ஒருவரிடமிருந்து திருடப்பட்டிருக்கலாம். ஆணைக்குழு ஏட்டில் அது சுத்தம், அப்பிள் ஏட்டில் அது இன்னொருவருடையது. திருட்டுப் பற்றிய பொலிஸ் முறைப்பாடோ மூன்றாவது ஏடு. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன என்று நம்பி வாங்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு ஐ.எம்.இ.ஐ. என்ற இலக்கமே கிடையாது. பாவித்த சந்தையில் அந்த வகை ஏராளம். அவற்றுக்கு 1909 எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

டெப்பை வாங்கும்போதே பூட்டு தெரிய வேண்டும் என்றும் இல்லை. விற்றவரின் கணக்கு உள்ளே இருக்கும்வரை, அவர் எங்கிருந்தாலும் ‘தொலைந்துவிட்டது’ என்று அறிவித்து உங்கள் கையிலுள்ள டெப்பைப் பூட்டலாம், இருக்குமிடத்தைப் பார்க்கலாம், உள்ளிருப்பதை அழிக்கலாம். 2014 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவில் பலர் காலையில் எழுந்தபோது தங்கள் அப்பிள் கருவிகள் பூட்டப்பட்டு, ஒலெக் பிளிஸ் என்ற பெயரில் காசு கேட்கும் செய்தி திரையில் கிடந்தது. கணக்கின் கடவுச்சொல் இன்னொருவர் கையில் போனால் போதும், கருவியைத் தொடாமலே பணயமாகப் பிடித்து வைக்கலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. ஆகவே “என்ட ஐடியே கிடக்கட்டும், அதிலேயே பாவிங்க” என்று ஒருவர் தாராளமாகச் சொன்னால் அதை ஏற்கவே வேண்டாம். பிள்ளை எடுக்கும் படங்கள் அறியாத ஒருவரின் கணக்கில் போய்ச் சேரும், பிள்ளை இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும். காசை இழப்பதைவிட இது எனக்குப் பெரிய கவலை.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. வெளிநாட்டுப் பாடசாலைகளும் கொம்பனிகளும் நூற்றுக்கணக்கில் வாங்கும் ஐபேட்களின் தொடர் இலக்கங்கள், வாங்கும்போதே நிறுவனத்தின் பெயரில் பதியப்படுகின்றன. கழித்துவிடும்போது பெயரை நீக்க மறந்தால், அது கடல் கடந்து எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதல் தொடக்கத்திலேயே ‘இது இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொல்லும். பின்பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பூட்டும் திருட்டின் அடையாளம் அல்ல. கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் சித்தப்பா தன் பழைய ஐபேட்டை வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார், கணக்கிலிருந்து வெளியேற மறந்துவிடுவார். இதற்கு ஒரு போன் அழைப்புப் போதும். அவர் தன் போனிலோ கணினியிலோ ஐகிளவுட் தளத்துக்குள் போய், அந்த ஐபேட்டை அழித்துத் தன் கணக்கிலிருந்து நீக்கினால், ரொறன்ரோவில் அழுத்திய விரலுக்கு இலங்கைத்துறையில் பூட்டுத் திறக்கும். ஏடு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. உரியவர் இறந்துவிட்டால் சிக்கல் கூடும். தொடர் இலக்கம் குறிப்பிட்ட அசல் பில் இருந்தால் அப்பிளிடம் பூட்டை நீக்கக் கேட்கலாம். 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல் ஒருவர் தன் மறைவுக்குப் பின் கணக்கைப் பார்க்க உரியவர் யாரென்று முன்கூட்டியே பெயர் குறிப்பிடலாம். வீட்டில் மூத்தவர்களின் கருவிகளில் இதைச் செய்து வைப்பது நல்லது. பில்லும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நல்ல நிலையிலுள்ள கருவியும் குப்பைதான். அமெரிக்காவில் பழைய கருவிகளைச் சேகரித்துப் புதுப்பிப்பவர்கள் பல்லாயிரம் நல்ல போன்களை இப்படி உடைத்துப் போட நேர்கிறதென்று நெடுநாளாக முறையிடுகிறார்கள். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. உரியவர் மனமுவந்து கொடுத்ததையும் திருடன் பறித்ததையும் ஒரே மாதிரி நடத்தும் ஓர் ஏட்டில் இன்னும் திருத்த வேண்டியது உண்டு.

சரி, கடையில் நின்றுகொண்டு இதை எப்படி அறிவது? தொடர் இலக்கத்தைக் கொடுத்தால் பூட்டிருக்கிறதா என்று சொல்லும் ஒரு பக்கத்தை அப்பிள் முன்பு வைத்திருந்தது. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டது. எனவே ஏட்டைக் கேட்க இன்று நம்பத்தகுந்த வழி கருவியையே கேட்க வைப்பதுதான். விற்பவர் முன்னிலையில் அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். அப்போது கடவுச்சொல் கேட்டால் அவரே கொடுக்கட்டும். கொடுக்க முடியாதென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அழிந்த பிறகு உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். கடையில் வைஃபை இல்லை என்ற சாக்கு அப்போது எடுபடாது. மொழி, நாடு, வைஃபை, அனுமதிச் சான்று எல்லாம் தாண்டி முகப்புத் திரை வரவேண்டும், உங்கள் கணக்கு ஏறவேண்டும். பிறகு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இதற்கு அரை மணிநேரம் வரை ஆகலாம். அண்ட்ரொய்டுக்கும் இதே சோதனைதான். காசு கடைசியில்தான் கைமாற வேண்டும், கூடவே தொடர் இலக்கம் எழுதிய பில்லும்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் முதலில் விற்றவரிடம் போங்கள், கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அவருக்கே உரியவர் யாரென்று தெரியாது என்றால் அது திருட்டுச் சாமானாக இருக்க இடமுண்டு. அப்படியென்று அறிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். பில்லையும் விற்றவரின் விபரத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ‘சேர்வர் மூலம் லொக் எடுத்துத் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களுக்கு இன்னொரு தொகையைக் கொடுக்க வேண்டாம். அப்பிளின் ஒப்பமிடும் எண் அவர்களிடம் இல்லை. உதிரிப்பாகமாக விற்றுவிடலாம் என்ற யோசனைக்கும் வழி குறுகிவருகிறது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், பூட்டப்பட்ட ஐபோனின் பற்றரி, கமரா, திரை போன்றவற்றைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தினாலும் அவற்றைச் சீராக இயங்கவைக்கப் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும் முறையை அப்பிள் கொண்டுவந்திருக்கிறது.